மைமோனிடீஸ் எட்டுப் படி குயில்ட்: காசு முடிச்சு பேனல் 4ஆ, 5ஆ?

யூத அறிஞர் மைமோனிடீஸ் தானத்தை எட்டுப் படியா பிரிச்சார், அதை படிக்கு ஒரு பேனலா குயில்ட்ல (ஒட்டுத்துணி வேலைல) தைக்கும்போது காசு முடிச்சு எந்த எண்ணுல வரும்னுதானே கேள்வி? மேல இருந்து எண்ணினா 4, கீழ இருந்து எண்ணினா 5, இடம் ஒண்ணேதாங்க, தைரியமா தைங்க.

குழப்பம் அனேகமா எண் போட்ட விதத்துல வந்திருக்கும். மைமோனிடீஸ் தன்னோட யூத சட்ட நூலான மிஷ்னே தோரால உயர்ந்த படில ஆரம்பிச்சு கீழ இறங்கிட்டே வர்றார், ஆனா இப்ப சுத்துற நிறைய லிஸ்ட்ல கீழ் படிக்கு 1 போட்டு ஏறுறாங்க.

தைக்கிறதுக்கு முன்னாடி பேனல்களை தரையில பரப்பி அக்கம்பக்கம் பாருங்க. முடிச்சுக்கு மேல, குடுக்கிறவருக்கு தெரியும் வாங்குறவருக்கு தெரியாதுங்கிற பேனல். கீழ, கேக்குறதுக்கு முன்னாடியே கையில குடுக்கிறது. உச்சில ரெண்டு பேருக்குமே தெரியாத தானத்தை வச்சிடாதீங்க, அது ரெண்டாவது, உச்சில வரணும்னா கடன் குடுத்தோ கூட்டு சேத்தோ வேலை தேடிக் குடுத்தோ ஒருத்தரை சொந்தக் கால்ல நிக்க வைக்கிறதுதான்.

எட்டுல துணியே தானத்தோட கருவியா வர்றது இந்தக் காசு முடிச்சுப் படில மட்டும்தான், பெரிய அறிஞர்கள் காசை துணில முடிஞ்சு முதுகுக்குப் பின்னால போட்டுப்பாங்க, ஏழைங்க வந்து எடுத்துக்குவாங்க, எடுத்தவங்க யாருன்னு போட்டவங்களுக்கு தெரியாது. அதனால இதை படமா எம்பிராய்டரி பண்ணாம நிஜ முடிச்சாவே தொங்க விடுங்களேன், ரொம்ப அழகா வரும். உள்ள நிஜக் காசு வேண்டாம், கனத்துல பேனல் தொங்கிரும், ஃபெல்ட் வட்டம் போதும்.

ஒண்ணு மட்டும், கம்பளியும் லினனும் கலந்து உடுத்தறது யூத மரபுல தடை. இது சுவர்ல மாட்டுறதுதான், ஆனாலும் ஜெப ஆலயத்துக்கு குடுக்கிறதா இருந்தா அங்க இருக்கிற ரபி (யூத மதகுரு) கிட்ட முதல்லயே கேட்டுக்கோங்க.