பித்தளை மூலை வைத்த தேக்கு டிராயர் பெட்டி: வயதை எங்கே பார்ப்பது?

கேள்வி: காரைக்குடியில் பழைய சாமான் கடையொன்றில் தேக்கு டிராயர் பெட்டி ஒன்று பார்த்தோம். மூன்றரை அடி அகலம். மூலைகளில் பித்தளை, மரத்துக்குள் பதிந்த கைப்பிடிகள். மேல் பாதி, கீழ் பாதி என இரண்டாகப் பிரிகிறது. வெள்ளைக்கார ராணுவ அதிகாரி வைத்திருந்தது, 1840-ல் செய்தது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? கீழ் டிராயர்கள் இரண்டும் இறுக்கமாக இருக்கின்றன. வாங்கினால் இழைத்துப் புது பாலிஷ் அடித்துவிடலாம் என்கிறார் எங்கள் ஆசாரி. செய்யலாமா?

பதில்: இழைக்க வேண்டாம். பாலிஷையும் இப்போது தொட வேண்டாம். 1840 என்பது முடியாத காலம் அல்ல, ஆனால் வாய்வார்த்தையை வைத்து அந்த வருடத்துக்கு விலை கொடுக்காதீர்கள்.

நீங்கள் விவரிப்பது ‘கேம்பெயின் செஸ்ட்’ என்ற வகை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் வேலைக்கு வந்த அதிகாரிகள் கப்பல் அறைக்கும் கூடாரத்துக்கும் வேண்டிய சாமான்களைச் சொந்தக் காசில்தான் வாங்கிவந்தார்கள். அதனால் அந்தப் பெட்டியில் எல்லாமே பயணத்துக்கு ஏற்ற அமைப்பு. இரண்டாகப் பிரிவது சுமப்பதற்கு. கைப்பிடி வெளியே துருத்தாமல் இருப்பது, வெளிப்பெட்டிக்குள் வைத்துக் கட்டும்போது இடிக்காமல் இருக்க. பித்தளை மூலை அடி தாங்குவதற்கு. கால்கள் நான்கும் மரத்திருகு வைத்துக் கடைந்தவை, கழற்றி டிராயருக்குள் போட்டுக்கொள்ளலாம். மகோகனி, தேக்கு, கற்பூர மரம் மூன்றிலும் செய்தார்கள். தேக்கில் செய்தவற்றில் இந்தியாவிலேயே செய்தவையும் உண்டு. லண்டனில் 1871-ல் தொடங்கிய ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுச் சங்கம் இதையெல்லாம் பட்டியல் போட்டு விற்றது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்துக்குப் (1899–1902) பிறகு மவுசு குறைந்தது. ஆனால் செய்வது நிற்கவில்லை. இன்றும் புதிதாகச் செய்து பழசாக்கி விற்கிறார்கள், சிக்கலே அங்கேதான்.

வயது சொல்ல வழக்கமாகக் காட்டும் இரண்டு அடையாளங்கள் நம் ஊரில் செல்லாது. டவ்டெயில் பூட்டு (மூலையில் இரு பலகைகளைப் புறாவால் வடிவப் பற்களால் கோக்கும் இணைப்பு) கையால் வெட்டியதாக இருந்தால் பழசு என்பார்கள். இங்கே இன்றைக்கும் கையால் வெட்டும் ஆசாரிகள் இருக்கிறார்கள். முதுகுப் பலகையில் ரம்பத் தடம் நேர்கோடாக இருந்தால் வட்ட ரம்பம் வருவதற்கு முந்தையது என்பார்கள். இங்கே இருபதாம் நூற்றாண்டிலும் ஆள் வைத்துக் கையால் அறுத்திருக்கிறார்கள். இந்த இரண்டும் இருப்பது நல்லதுதான், ஆனால் எதையும் நிரூபிக்காது.

டிராயரை முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்துங்கள். பக்கப் பலகையின் கீழ் விளிம்பைப் பாருங்கள். பல்லாயிரம் முறை இழுத்துத் தள்ளிய டிராயரில் அந்த விளிம்பு பின்பக்கம் அதிகமாகத் தேய்ந்திருக்கும், முன்பக்கம் குறைவாக. பெட்டிக்குள் அது ஓடும் சட்டத்தில் தலைகீழ்: முன்முனைதான் பள்ளமாகும். டிராயரின் பின்முனை சட்டம் முழுவதையும் கடந்து வருகிறது, சட்டத்தின் முன்முனை மேல் டிராயர் முழுவதும் உரசிப் போகிறது, அதனால் இப்படி. உப்புத்தாளால் பொய்த் தேய்மானம் செய்பவர் விளிம்பு முழுவதும் ஒரே சீராகத் தேய்ப்பார், அல்லது வெளியே தெரிகிற இடத்தில் மட்டும் தேய்ப்பார். தேய்ந்த விளிம்புக்கும் சட்டத்தின் பள்ளத்துக்கும் பொருத்தம் இல்லையென்றால் டிராயர் வேறு பெட்டியிலிருந்து வந்தது.

அடுத்து அடிப்பலகை. இந்த வகையில் பலகையின் ரேகை பெரும்பாலும் இடமிருந்து வலமாக ஓடும். பின்பக்கமிருந்து காடிக்குள் (பலகை நுழைய வெட்டிய நீளப் பள்ளம்) செருகி, பின்பலகையின் அடியில் மட்டும் ஆணி அடித்திருப்பார்கள். மரம் குறுக்கில் சுருங்கும், நீளத்தில் சுருங்காது. எனவே பழைய பெட்டியில் முன்காடியிலிருந்து பலகை கொஞ்சம் விலகி இடைவெளி விட்டிருக்கலாம், பலகை வெடித்தும் இருக்கலாம். அது குறையல்ல, வயதுக்குச் சாட்சி. அடியில் பிளைவுட் இருந்தால் பலகை மாற்றியது, அல்லது பெட்டியே இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு.

கடைக்காரர் சம்மதித்தால் உள்பக்கம் ஒரு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். 1850-க்கு முன் மரவேலைக்கான உலோகத் திருகாணிகளின் முனை மொட்டையாகத்தான் இருக்கும். கூர்முனைத் திருகாணிக்கு அமெரிக்காவில் 1846-ல் காப்புரிமை வாங்கினார்கள். பர்மிங்ஹாமின் நெட்டில்ஃபோல்டு நிறுவனம் அந்த உரிமையை வாங்கி 1850-களின் நடுவில் இங்கிலாந்தில் செய்ய ஆரம்பித்தது. ஆகவே கூர்முனை ஆணி பெட்டியோடு பிறந்ததாக இருந்தால் 1840 என்ற பேச்சுக்கே இடமில்லை. மொட்டை முனை இருந்தால் மட்டும் 1840 என்று ஆகிவிடாது, பழைய ஆணிகளைச் சேர்த்து வைத்து அடிப்பவர்கள் உண்டு. ஓட்டையையும் பாருங்கள்: பக்கத்தில் அடைத்த ஓட்டை இருக்கிறதா, ஆணி தளர்வாக உட்கார்ந்திருக்கிறதா?

இரண்டு பாதிகளையும் பிரித்துவையுங்கள், அதிகமாக ஏமாறும் இடம் இது. சாதாரண டிராயர் பெட்டியை நடுவில் அறுத்து, பித்தளை பதித்து, கேம்பெயின் என்று விற்பதுண்டு. உண்மையான பெட்டியில் கீழ்ப் பாதிக்குத் தனி மேற்பலகையும் மேல் பாதிக்குத் தனி அடிப்பலகையும் முதலிலிருந்தே இருக்கும். மூலைகளில் அவற்றின் டவ்டெயிலும் நிறமும் மற்ற மூலைகளைப் போலவே இருக்க வேண்டும். அந்த இரு பலகைகள் மட்டும் வெளுப்பாக, புது வாசனையோடு இருந்தால் விட்டுவிடுங்கள். பாதிகள் இரண்டு வெவ்வேறு பெட்டிகளிலிருந்து சேர்ந்தவையா என்பதை முதுகுப் பலகைகளை அருகருகே வைத்தால் தெரிந்துகொள்ளலாம்.

பித்தளைக்கு ஒரு சின்னக் காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு மேல் முலாம். பூட்டில் கிரீடமும் ‘வி.ஆர்.’ எழுத்தும் இருந்தால் விக்டோரியா காலம் (1837–1901). ‘ஜி.ஆர்.’ (ஜார்ஜ் மன்னர்) என்றால் 1830-க்கு முந்தையதாகவோ 1910-க்குப் பிந்தையதாகவோ இருக்கலாம், அதை வைத்து உயர்ந்த விலை சொன்னால் ஏற்காதீர்கள். பூட்டை எளிதாக மாற்றலாம் என்பதால் அது உட்கார்ந்திருக்கும் குழி அளவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். டப்ளினின் ராஸ், லண்டனின் சில்வர் போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரைப் பொறித்தன. அப்படிப் பெயர் எதுவும் இல்லாத தேக்குப் பெட்டிக்கு ‘19ஆம் நூற்றாண்டின் முற்பாதி’ அல்லது ‘பிற்பாதி’ என்பதற்கு மேல் துல்லியம் கேட்பதில் அர்த்தமில்லை.

இனி இறுக்கம். ஐப்பசி, கார்த்திகையில் டிராயர் சிக்குகிறதென்று இழைப்புளி போட்டால் சித்திரையில் அது ஆடும். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். பக்கப் பலகையில் சாக்பீஸ் பூசி ஒருமுறை உள்ளே தள்ளி எடுங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் பிடிக்கிற இடம். அங்கே வெள்ளை மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெயில் காலத்திலும் இறுகினால் காரணம் வேறு: ஓடும் சட்டம் தேய்ந்து டிராயர் முன்பக்கம் தாழ்ந்துவிட்டது, அல்லது யாரோ அடிப்பலகையைச் சுற்றிலும் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். முதலாவதற்கு, தேய்ந்த இடத்தை மட்டம் செய்து, 4–5 மில்லிமீட்டர் தேக்குப் பட்டியை ரேகை நீளவாக்கில் வருமாறு ஒட்டச் சொல்லுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டும் முன் அசிட்டோன் தொட்டுத் துடைக்காவிட்டால் பட்டி ஒரு வருடத்தில் கழன்றுவரலாம். ஃபெவிகாலை விட வஜ்ஜிரமே (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை) நல்லது, நாளை வெந்நீர் காட்டிப் பிரிக்கலாம். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி சூட்டில் உருக்க வேண்டும். நேரடி அடுப்பில் கொதித்தால் பிடிப்பு போய்விடும்.

பாலிஷ் விஷயத்தில் ஆசாரியிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். மேல் தோலை இழைத்தால் நிறமும் தேய்மானமும் போவதோடு, மரம் இறங்கிப் பித்தளை மேலே துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு பித்தளையையும் கழற்றிக் குழியை ஆழமாக்க வேண்டிவரும். முதலில் பின்பக்க மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ், மேலேயே மெல்லிய அரக்குப் பூச்சு கொடுத்தால் மங்கல் போகும். எதுவும் நடக்கவில்லையென்றால் மெலமைன் போன்ற பிற்காலப் பூச்சாக இருக்கலாம். அழுக்கு மட்டும்தான் என்றால் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து, தேன்மெழுகு பூசி, துணியால் மெருகேற்றினால் போதும்.

பித்தளைக்குப் புளி வேண்டாம். புளித்தண்ணீர் பித்தளைப் பட்டையின் ஓரத்தில் இறங்கி மரத்தைக் கறையாக்கும். பிராசோ போடுவதானால் பட்டையைச் சுற்றிக் கெட்டி அட்டை வைத்துத் தேயுங்கள், இல்லாவிட்டால் மரத்தின் நுண்துளைகளில் வெள்ளைப் பொடி தங்கிவிடும்.