அன், இன், டிஸ், மிஸ்: வீட்டுக் கடிதம் வாசிக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கணக்கியல் படிக்க யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கிலாந்தின் லெஸ்ரருக்கு வந்து பெரியப்பாவோடு இருக்கிறீர்கள். வீட்டுக்கு வரும் கடிதங்களை இப்போது நீங்கள்தான் வாசித்துச் சொல்கிறீர்கள். கவுன்சில் வரி, அதாவது உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டும் வீட்டு வரிக் கடிதத்தில் உங்களை ‘டிஸ்ரிகாடட்’ என்று போட்டிருக்கிறது. பெரியப்பாவின் ஸ்கான் அறிக்கையில் ‘அன்ரிமார்க்கபிள்’. பகுதிநேர வேலைப் படிவத்தில் ‘அன்ஸ்பென்ற் கொன்விக்சன்’ உண்டா என்று கேள்வி. அன், இன், டிஸ் முன்னால் வந்தால் எதிர்ச்சொல் என்று ரியூசனில் பாடமாக்கியது இங்கே கைகொடுக்கவில்லை, எப்படிப் பிரித்து வாசிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பயத்தை விடுங்கள். மூன்றில் ஒன்றும் கெட்ட செய்தி இல்லை.

‘ரிகாட்’ என்றால் மதிப்பது என்றுதான் நாங்கள் படித்தது. அதற்குக் கணக்கில் எடுப்பது என்ற பொருளும் உண்டு. கவுன்சில் வரி முழுத்தொகை, வீட்டில் வளர்ந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கில் போடப்படுவது. முழுநேர மாணவரை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைத்தான் ‘டிஸ்ரிகாடட்’ என்கிறார்கள். உங்களை விட்டால் பெரியப்பா ஒருவர்தான் மிச்சம். ஆகவே பில்லில் 25 வீதம் கழிய வேண்டும். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர் என்றால் வரியே இல்லை. பல்கலைக்கழகத்தில் மாணவர் சான்றிதழ் எடுத்து கவுன்சிலுக்கு அனுப்புங்கள். சான்று போகாமல் கழிவு வராது.

ஸ்கான் அறிக்கையில் ‘ரிமார்க்’ என்பது குறிப்பிட்டுச் சொல்வது. ஈரல், சிறுநீரகம் ‘அன்ரிமார்க்கபிள்’ என்றால் குறிப்பிட்டுச் சொல்லும்படி அங்கே ஒன்றும் இல்லை, வழமைபோல இருக்கிறது. வெளியில் ஒருவரின் வேலையை அப்படிச் சொன்னால் சிறப்பாக ஒன்றுமில்லை என்ற குறை. டொக்டரின் அறிக்கையில் அதுவே நல்ல செய்தி. கவனிக்க வேண்டிய சொல் வேறு: ‘இன்கொன்குளூசிவ்’. சோதனையில் முடிவு தெரியவில்லை என்று அர்த்தம். நோய் இல்லை என்று எடுத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. திரும்ப எப்போது சோதிப்பது என்று ஜிபியிடம், அதாவது குடும்ப டொக்டரிடம் கேட்க வேண்டும்.

‘ஸ்பென்ற்’ காசோடு மட்டும் போகும் சொல் அல்ல. தீர்ந்துபோனது என்ற பொருளும் உண்டு. 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, பெரும்பாலான நீதிமன்றத் தண்டனைகள் (‘கொன்விக்சன்’) ஒரு காலம் கடந்தபின் ‘ஸ்பென்ற்’ ஆகிவிடும். சாதாரண வேலைகளுக்கு அவற்றைச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலம் இன்னும் முடியாதது ‘அன்ஸ்பென்ற்’. வைத்தியசாலை, பள்ளிக்கூடம் போன்ற வேலைகளுக்கு முடிந்ததையும் கேட்கலாம். இலங்கையில் நீதிமன்றம் விதித்த தண்டனையும் இதற்குள் வரும். கவுன்சில் போடும் பார்க்கிங் தண்டம் கொன்விக்சன் அல்ல. ஒன்றுமே இல்லாதவர் ‘நோ’ என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

மூன்றிலும் சறுக்கியது ஒரே இடத்தில்தான் என்பதைக் கவனியுங்கள். முன்னொட்டில் பிழை வரவில்லை. அடிச்சொல்லுக்கு நாங்கள் அறிந்த ஒரே பொருளை வைத்துக்கொண்டு, அதை மறுத்துப் பார்த்ததில்தான் பிழை வந்தது. அதனால் முதலில் முன்னொட்டை விரலால் மறையுங்கள். மிச்சம் தனிச்சொல்லாக நிற்கிறதா என்று பாருங்கள். ‘இம்போட்டன்ற்’, ‘டிஸ்ரன்ஸ்’ போன்றவை அப்படி நிற்காது, அவற்றை முழுச்சொல்லாகவே எடுக்க வேண்டும். நின்றால், வரி, மருத்துவம், சட்டம், வங்கி இவற்றில் எந்த வகைக் கடிதம் இது, அந்த இடத்தில் அடிச்சொல்லுக்கு என்ன பொருள் என்று தேடுங்கள். மறுப்பை அதன் பிறகு சேருங்கள். ஒக்ஸ்பேர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. முதல் பொருளோடு நிற்காமல் கீழே உள்ள உதாரண வசனம் வரை போங்கள். போனில் மொழிபெயர்க்கும்போது தனிச்சொல்லைக் கொடுக்காதீர்கள், முழு வசனத்தையும் கொடுங்கள்.

கெட்ட முகத்தோடு வரும் நல்ல சொற்கள் இன்னும் இருக்கின்றன. பல்கலைக்கழகம் உங்களுக்குத் தந்த ‘அன்கொண்டிசனல் ஓஃபர்’ அப்படிப்பட்டது. நிபந்தனை எல்லாம் தீர்ந்த அனுமதி அது. கணக்காய்வில் ‘அன்குவாலிஃபைட் ஒபினியன்’ என்பது கணக்காய்வாளர் எந்தத் தடையும் சொல்லாமல் ஒப்புக்கொண்ட அறிக்கை, அதாவது கொம்பனிக்கு நல்லது. ‘குவாலிஃபைட்’ என்று வந்தால்தான் ஏதோ ஒரு விடயத்தில் அவருக்கு உடன்பாடு இல்லை என்று பொருள். அதே ‘அன்குவாலிஃபைட்’ வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் வந்தால் தகைமை இல்லை என்றாகிவிடும். உங்கள் பாடத்தில் பலர் புள்ளி இழக்கும் இடம் இது. ‘டிஸ்இன்ரறெஸ்ற்றட்’ என்றால் பக்கம் சாராதவர், தனக்கு இலாபம் பார்க்காதவர். நீதிபதி அப்படித்தான் இருக்க வேண்டும். அவர் ‘அன்இன்ரறெஸ்ற்றட்’ ஆக, அதாவது அக்கறை இல்லாதவராக இருக்கக் கூடாது. பேச்சில் இங்கத்தைய ஆட்களே இரண்டையும் கலப்பார்கள். எழுதும்போது நீங்கள் கலக்காதீர்கள்.

பெரியப்பாவுக்கு இந்த நாட்டில் தங்கி இருக்கக் கொடுத்த அனுமதியான ‘இன்டெஃபினிற் லீவ்’ பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சனத்துக்கு இதில் பெரிய நட்டம் வரலாம். சிலர் அதை நிச்சயமில்லாதது என்று வாசித்துப் பயப்படுகிறார்கள். சிலர் எப்போதும் போகாதது என்று எண்ணுகிறார்கள். இரண்டும் சரியில்லை. முடிவுத் திகதி குறிக்கப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். பொதுவாக, இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் நின்றால் அது இல்லாமல் போய்விடும். பென்சன் எடுத்தபின் ஊருக்குப் போய்க் காணி, வீடு திருத்திக்கொண்டு நிற்கிறவர்கள் இந்தக் கணக்கை மறக்கவே கூடாது.

இன்னொரு வகை, மறுப்புப் போலத் தோன்றி மறுப்பே இல்லாதது. ‘இன்ஃபிளேமபிள்’ என்றால் தீப்பற்றக்கூடியது. இங்குள்ள ‘இன்’ உள்ளே என்று பொருள்படும் இலத்தீன் சொல்லில் இருந்து வந்தது. ‘ஃபிளேமபிள்’ என்பதற்கும் அதே பொருள்தான். ‘நொன்-ஃபிளேமபிள்’ மட்டுமே தீப்பற்றாதது. ஸ்பிறே ரின், பெயின்ற், தின்னர் எதையும் குசினிக்குள் வைக்க முதல் இந்தச் சொல்லைப் பாருங்கள். ‘இன்வலுவபிள்’ இல் வரும் ‘இன்’ மறுப்புத்தான், ஆனாலும் பெறுமதி இல்லை என்று ஆகாது: விலை மதிக்க முடியாத அளவு பெறுமதி என்று பொருள். ‘டிஸ்பேர்சிபிள்’ என்று அஸ்பிரின் பெட்டியில் இருந்தால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம் என்று பொருள்.

இனி முன்னொட்டுகளின் குணம். ‘நொன்’ வகை பிரிப்பதோடு நிற்கும்: ‘நொன்-ரிஃபண்டபிள்’ என்றால் காசு திரும்பாது, அவ்வளவுதான். ‘அன்’ பல இடங்களில் ஒரு தீர்ப்பையும் சேர்த்துக்கொண்டு வரும். தொழில்முறைக்காரர் அல்லாதவர் ‘நொன்-புறொஃபெசனல்’. ‘அன்புறொஃபெசனல்’ என்று மனேச்சர் எழுதினால் உங்கள் நடத்தையில் குறை பிடிக்கிறார், உடனே போய்ப் பேசுங்கள். வினையோடு வரும் ‘அன்’ செய்ததைக் குலைத்துப் பழையபடி ஆக்குவது: பூட்டியதைத் திறப்பது ‘அன்லொக்’, கட்டிய பெட்டியைப் பிரிப்பது ‘அன்பக்’. ஒருபோதும் பாவிக்காதது ‘அன்யூஸ்ட்’. ஒருகாலம் இயங்கிக் கைவிடப்பட்டது ‘டிஸ்யூஸ்ட்’, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை போருக்குள் நின்றுபோனபின் கிடந்ததுபோல. பிழையாகப் பாவித்தது ‘மிஸ்யூஸ்ட்’.

வேலையிடத்தில் ‘அன்சோசல் அவேர்ஸ்’ என்றால் இரவு, சனி, ஞாயிறு போன்ற நேரங்கள். தேசிய சுகாதார சேவையில் அந்த நேரங்களுக்குக் கூடுதல் சம்பளம் உண்டு. ‘அன்ரி-சோசல் பிஹேவியர்’ என்று கடிதம் வந்தால் அது முறைப்பாடு: இரவில் சத்தம், அயலவருக்குத் தொந்தரவு. இரண்டையும் மாற்றிச் சொன்னால் இன்ரவியூவில் விபரீதமாகக் கேட்கும்.

‘மிஸ்’ என்பது இல்லாமையைச் சொல்லாது, பிழையாகச் செய்ததைச் சொல்லும். கார் இன்சூரன்ஸில் ‘மிஸ்ரெப்ரசென்ரேசன்’ என்று வரும். கேட்ட கேள்விக்குப் பிழையான பதில் கொடுத்தீர்கள் என்று அர்த்தம். கட்டணம் குறையும் என்று பெரியப்பாவை முதன்மைச் சாரதியாகப் போட்டுவிட்டு நாளாந்தம் நீங்கள் ஓட்டினால், இங்கே அதை ‘ஃபுறொன்ரிங்’ என்பார்கள். அது இந்தக் குற்றத்துக்குள் வரும். விபத்து நடந்தபின் கொம்பனி காசு தர மறுக்கலாம், பொலிசியை இரத்துச் செய்யலாம். எங்கள் வீடுகளில் பிழை என்று தெரியாமலே செய்யப்படுகிறது. செய்யாதீர்கள்.

எழுத்துக் கூட்டல் உங்களுக்குச் சுலபம், தமிழில் புணர்ச்சி படித்தவர். ‘இன்’ அடுத்த எழுத்துக்கேற்ப மாறும்: பி (b), எம் (m), பீ (p) வந்தால் ‘இம்’, எல் வந்தால் ‘இல்’, ஆர் வந்தால் ‘இர்’. ‘அன்’ பழைய ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை, எதற்கும் மாறாது: ‘அன்லோஃபுல்’, ‘அன்ரியல்’. எங்களிடம் வடமொழி வழியாக வந்த அநியாயம், அசுத்தம் ஆகியவற்றின் முன்னெழுத்தும் இவற்றோடு ஒரே மூலத்தில் பிறந்ததுதான். பெயர்ச்சொல்லாகும்போது கவனம்: ‘அனேபிள்’ ஆனால் ‘இனெபிலிற்றி’, ‘அன்ஜஸ்ற்’ ஆனால் ‘இன்ஜஸ்ரிஸ்’. முன்னொட்டின் கடைசி எழுத்தும் அடிச்சொல்லின் முதல் எழுத்தும் ஒன்றாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். ‘மிஸ்ஸ்பெல்’, ‘டிஸ்ஸற்றிஸ்ஃபைட்’ இரண்டுக்கும் எஸ் இரண்டு. ‘டிஸப்பொயின்ற்’ அப்படி இல்லை, அதற்கு எஸ் ஒன்று, பீ இரண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கடிதங்களைவிட இது கூடுதலாகச் சிக்கல் தரும். ஊரில் ‘சாப்பிடேல்லையோ?’ என்றால் ‘ஓம், சாப்பிடேல்லை’ என்போம். கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்வதுதான் எங்கள் ‘ஓம்’. ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும் நடந்தது ‘யெஸ்’, நடக்காதது ‘நோ’. வங்கியில் இருந்து ‘கார்ட் கிடைக்கவில்லையா?’ என்று கேட்கும்போது ‘யெஸ்’ என்று மட்டும் சொன்னால், கிடைத்துவிட்டது என்று பதிந்து அழைப்பை முடித்துவிடக்கூடும். போனில் ஒற்றைச் சொல்லில் நிற்காதீர்கள். ‘நோ, ஐ ஹாவ்ன்ற் ரிசீவ்ட் இற்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். ‘டூ யூ மைண்ட்?’ என்பதும் இதே வகை. ஆட்சேபனை உண்டா என்று கேட்கிறார்கள். பக்கத்துக் கதிரையில் இருக்கலாமா என்று ஒருவர் அப்படிக் கேட்க நீங்கள் ‘யெஸ்’ என்றால், இருக்க வேண்டாம் என்றாகிவிடும். ‘நோ, நொற் அற் ஓல்’ என்று சொல்லிக் கதிரையைக் காட்டுங்கள்.