மாமியாரைப் பார்த்துக்கொண்ட வருடங்கள் பென்ஷனில் சேருமா?

கேள்வி: எனக்கு வயது 54. மாமியாருக்கு டிமென்ஷியா என்பதால் மூன்று வருடங்களுக்கு முன் வேலையை விட்டேன். நானும் நாத்தனாரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். என் பங்கு வாரத்துக்கு 25 மணி நேரம். பார்த்துக்கொள்பவருக்கு அரசு தரும் கெயரர்ஸ் அலவன்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். 1996, 1999-இல் பிள்ளைகள் பிறந்தபோதும் சில வருடங்கள் வீட்டில்தான் இருந்தேன். என் ஸ்டேட் பென்ஷன் (அரசு ஓய்வூதியம்) அவ்வளவுதானா?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: இல்லை சகோதரி. ஆனால் இது தானாக வராது, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அலவன்ஸுக்கு வாரம் 35 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு அங்கேதான் இடித்திருக்கிறது. ஆனால் குறைந்தது 20 மணி நேரம் பார்ப்பவர்களுக்கு 2010 முதல் கெயரர்ஸ் கிரெடிட் இருக்கிறது. கையில் காசு வராது. நேஷனல் இன்சூரன்ஸ் (அரசுக்குக் கட்டும் சந்தா) கணக்கில் அந்த வாரங்கள் பென்ஷனுக்குச் சேரும். கணவரின் சம்பளம், சேமிப்பு எதையும் பார்ப்பதில்லை. அலவன்ஸ் இல்லை என்றதும் எல்லாமே இல்லை என்று பேசாமல் இருந்துவிடுகிற பெண்களை நினைத்தால் மனசு ஆறவில்லை. குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது மட்டுமல்ல, அவர் அடுப்பைத் திறந்துவிடாமல் கூடவே இருப்பதும் அந்த 25 மணி நேரத்தில் சேர்த்திதான்.

மாமியார், உதவி தேவைப்படும் முதியவர்களுக்கு அரசு தரும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வாங்கினால் வேலை சுலபம். வாங்காவிட்டால், கிரெடிட்டுக்கான விண்ணப்பப் படிவத்தோடு உள்ள சான்றிதழில் டாக்டரிடமோ சோஷியல் வொர்க்கரிடமோ கையெழுத்து வாங்குங்கள். தள்ளிப்போடாதீர்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் பார்த்ததற்கு 2027 ஏப்ரல் 5 வரைதான் விண்ணப்பிக்கலாம். உங்கள் மூன்று வருடங்களில் பழையது இதனால் தவறியிருக்கக்கூடும்.

ஒரு வருடம் போனால் என்ன என்று விட்டுவிடாதீர்கள். முழு பென்ஷனுக்கு 35 வருடங்கள் வேண்டும். பத்துக்குக் கீழே போனால் பொதுவாக ஒன்றுமே இல்லை. 2025-26இல் முழுத் தொகை வாரத்துக்கு 230.25 பவுண்டு. அப்படியானால் ஒரு வருடத்தின் மதிப்பு வாரத்துக்கு ஆறரை பவுண்டுக்கு மேல், ஆண்டுக்குச் சுமார் 340 பவுண்டு, அதுவும் ஆயுள் முழுக்க.

அப்புறம் பிள்ளைகள் விஷயம். 1978 முதல் 2010 வரை, சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்காக அரசு தரும் உதவித்தொகை) வாங்கியவருக்கு, பிள்ளை வளர்த்த வருடங்களால் பென்ஷன் குறையாமல் காக்கும் ஹோம் ரெஸ்பான்சிபிலிட்டீஸ் புரொடெக்ஷன் என்ற பாதுகாப்பு இருந்தது. 2000 மே மாதத்துக்கு முன் விண்ணப்பத்தில் நேஷனல் இன்சூரன்ஸ் எண் கட்டாயமில்லை. அதனால் நிறையப் பெண்களின் கணக்கில் அது ஏறவே இல்லை. உங்கள் இரண்டு பிள்ளைகளும் அந்தக் காலத்தில்தான் பிறந்திருக்கிறார்கள்! பெனிஃபிட் யார் பெயரில் வந்தது என்று பாருங்கள். உங்கள் பெயர் என்றால், விடுபட்டதைச் சேர்க்க வரித்துறைக்கு சிஎஃப்411 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். கணவர் பெயர் என்றால், அவருக்கு அது தேவைப்படாத பட்சத்தில் உங்களுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

முதலில் அரசு இணையதளத்தில் உங்கள் பென்ஷன் கணிப்பைத் திறந்து, எந்தெந்த வருடம் காலி என்று குறித்துக்கொள்ளுங்கள். கிரெடிட்டால் நிரம்பாத வருடத்துக்கு நீங்களே பணம் கட்டலாம், வழக்கமாக ஆறு வருடம் பின்னோக்கி. கட்டும் முன் அரசின் ஃபியூச்சர் பென்ஷன் சென்டருக்கு ஒரு போன் போட்டு, அதனால் உங்கள் பென்ஷன் உண்மையிலேயே கூடுமா என்று கேட்டுவிடுங்கள். சில வருடங்களுக்குக் கட்டியும் பலன் இருக்காது.