ஐ7 வேண்டாம், கார்டுக்குச் செலவிடுங்கள்

ஐ7 பிராசசர், 32 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ விளையாட்டு ஓடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஓடாது நண்பரே, தயவுசெய்து அந்தக் கணினியை வாங்காதீர்கள். 2025இல் வந்த அந்த விளையாட்டுக்குக் கார்டிலேயே ரே டிரேசிங், அதாவது ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் வசதி வேண்டும். 1650இல் அது கிடையாது. செட்டிங்கை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை.

பணத்தில் பெரும்பங்கை கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். உங்கள் 1080பி திரைக்கு ரைசன் 5 5600 மாதிரி ஆறு கோர் பிராசசரே போதும். கார்டில் குறைந்தது 8 ஜிபி நினைவகம் இருக்கட்டும். என் தேர்வு 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060. நினைவகம் நிரம்பினால் படம் திக்கித் திக்கி ஓடும், அதைப் பின்னால் கூட்டிக்கொள்ளவும் முடியாது. இன்டெல் ஆர்க் பி580 கார்டிலும் 12 ஜிபி உண்டு, ஆனால் 5600 மாதிரி பழைய பிராசசரோடு அது சில விளையாட்டுகளில் முழு வேகம் தருவதில்லை.

ரேம் 16 ஜிபி போதும், ஒரே ஸ்டிக்காக இல்லாமல் இரண்டு எட்டாக. அப்புறம், இந்த ஒரு விளையாட்டே 100 ஜிபி இடம் கேட்கும். வேகமான சேமிப்பகமான என்விஎம்இ எஸ்எஸ்டி 1 டிபி அளவில் வாங்கிவிடுங்கள். பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், நல்ல தரமான 550 வாட் எடுங்கள்.