தீயணைப்பு வேலைக்கு டிப்ளமோ வேண்டுமா? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கேரளத்து வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) இருக்கிறோம். எனக்கு வயது 19. அப்பா, அம்மா இருவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தேன். போன வருடம் பிளஸ் டூ முடித்தேன். குமுளி மலைப்பாதையில் ஐயப்ப பக்தர்கள் வந்த வண்டி பள்ளத்தில் விழுந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து, மீட்பு வேலைக்குத்தான் போக வேண்டும் என்று மனதில் இருக்கிறது.

ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தில் விசாரித்தேன். ஃபயர் அண்ட் சேஃப்டி என்று ஒரு வருட டிப்ளமோ, கட்டணம் 72,000 ரூபாய். முடித்தால் தீயணைப்புத் துறையில் அரசு வேலை நிச்சயம் என்கிறார்கள். அம்மா சீட்டு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். ஆனால் சொந்தக்காரர்கள், பொம்பளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று பேசுவதால் அவருக்கும் பயம் வந்துவிட்டது. அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களே ஆம்புலன்ஸ் வேலையும் பார்ப்பதாக யூடியூபில் பார்த்தேன். இங்கே அப்படிச் சேர்த்துப் படிக்க முடியுமா? தீயணைப்பா, ஆம்புலன்ஸா, எனக்கு எது சரி?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புத் தங்கைக்கு,

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். அந்த 72,000 ரூபாயைக் கட்டாதே.

கேரளத்தில் தீயணைப்புத் துறைக்கு ஆள் எடுப்பது பி.எஸ்.சி., அதாவது கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம். பதவியின் பெயர் ஃபயர் அண்ட் ரெஸ்க்யூ ஆபீசர், டிரெய்னி. பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். வயது 18 முதல் 26 வரை. இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வு, உடல்திறன் தேர்வு, நீச்சல், மருத்துவப் பரிசோதனை, அவ்வளவுதான். தீயணைப்பு டிப்ளமோ எங்கும் கேட்கப்படவில்லை. விண்ணப்பிக்கக் கட்டணம்கூடக் கிடையாது. துளசி என்ற பி.எஸ்.சி. தளத்தில் ஒருமுறை பதிவு செய்துகொண்டால் போதும். தேர்வானவர்களைத் திருச்சூர் பக்கம் வியூரில் உள்ள தீயணைப்பு அகாடமிக்கு அனுப்பி, அரசே உதவித்தொகை கொடுத்து வேலையைக் கற்றுக்கொடுக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது, எடுத்த பிறகு துறை பயிற்சி கொடுக்கிறது. ஆகவே எந்தத் தனியார் நிறுவனமாவது அரசுத் தீயணைப்பு வேலை நிச்சயம் என்று சொன்னால், கொடுக்க முடியாத ஒன்றை விற்கிறார்கள் என்றுதான் பொருள். தோட்டத்துச் சம்பளத்தில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தைக் குறிவைத்து இப்படிச் சொல்வது எனக்குக் கோபம் தருகிறது.

அந்த டிப்ளமோவால் ஒரு பயனும் இல்லை என்று சொல்லவில்லை. கம்பெனிகளிலும் வளைகுடா நாடுகளின் கட்டுமானத் தளங்களிலும் பாதுகாப்பு உதவியாளர் வேலைக்கு அதைக் காட்டிப் போகிறவர்கள் உண்டு. ஆனால் அது வேறு வேலை. அதற்கு மேலே போய்த் தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர் ஆக வேண்டுமானால் பொறியியலோ அறிவியலோ படித்துவிட்டு, சென்னை மண்டலத் தொழிலாளர் நிறுவனம் போன்ற அங்கீகாரம் உள்ள இடத்தில் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ செய்ய வேண்டும். நீ கேட்பது அந்த வேலை இல்லை.

யூடியூபில் பார்த்தது உண்மைதான். அமெரிக்காவில் பல ஊர்களில் தீயணைப்பு நிலையமும் அவசர மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அங்கே தீயணைப்புத் துறைக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் மருத்துவ உதவிக்கானவை. அதனால் வேலைக்கு வருபவர் தீயணைப்புச் சான்றிதழோடு இ.எம்.டி. என்ற அடிப்படை அவசர மருத்துவப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும் என்று பல ஊர்களில் கேட்கிறார்கள். அடுத்த படியான பாராமெடிக் ஆக ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் படிக்க வேண்டும். நம் நாட்டில் இரண்டும் தனித்தனி. தீயணைப்பு என்பது அரசின் ஒரு துறை. 108 ஆம்புலன்ஸ் சுகாதாரத் துறையின் கீழ் ஒப்பந்தத்தில் நடப்பது. இரண்டுக்குமான நுழைவுத் தகுதி வேறு, சம்பளம் வேறு, பணிப் பாதுகாப்பும் வேறு.

நீ குறிப்பிட்ட விபத்தையே எடுத்துக்கொள். 2022 டிசம்பர் 23 இரவு. ஆண்டிபட்டிப் பக்கத்து பக்தர்கள் சபரிமலையிலிருந்து திரும்பி வந்தபோது, முல்லைப் பெரியாறு தண்ணீர்க் குழாய் போகும் இடத்தில் வண்டி பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அப்படி ஒரு இடத்தில் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். இருட்டுச் சரிவில் கயிறு கட்டி இறங்குவதும், நசுங்கிய தகரத்தை ஹைட்ராலிக் கட்டரால் வெட்டித் திறப்பதும் தீயணைப்புக்காரர் வேலை. வெளியே எடுத்தவரின் கழுத்து அசையாமல் பார்ப்பதும், மூச்சுப் பாதையைத் திறந்து வைப்பதும், ரத்தப் போக்கை நிறுத்துவதும் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் வேலை. இந்த இரண்டில் உன் மனம் எதில் நிற்கிறது என்று யோசித்துப் பார். எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற நிலைய அலுவலர், தன்னிடம் வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் கேட்பார்.

தீயணைப்புப் பயிற்சி எப்படி இருக்கும் என்று அவரிடம் நிறையக் கேட்டிருக்கிறேன். காலையில் பரேடு, ஓட்டம். அப்புறம் ஹோஸ் ட்ரில், ஏணி ட்ரில், பம்ப் ட்ரில். சுருட்டிய ஹோஸை ஒரே வீச்சில் விரித்து, இணைத்து, தண்ணீர் விடச் சொல்லிக் கத்தும் வரை எல்லாவற்றுக்கும் நேரம் எடுப்பார்கள். அழுத்தத்தோடு தண்ணீர் பாயும்போது ஹோஸ் பின்னால் தள்ளும். அதைத் தனியாளாகப் பிடிக்கவே கூடாது என்பதை உடம்பு கற்றுக்கொள்ளும் வரை விடமாட்டார்கள். பிறகு முடிச்சுகள். கிணற்றில் விழுந்தவரைத் தூக்க இரண்டு வளையம் உள்ள நாற்காலி முடிச்சு போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கயிற்றில் போட்டுக் காட்டச் சொல்வார்கள். நம் பக்கத்துத் தீயணைப்பு நிலையங்களுக்கு வரும் அழைப்புகளில் கிணற்றில் விழுந்த மாடும் ஆளும் அடிக்கடி வரும் விஷயம், அதனால் இது வெறும் பாடம் இல்லை.

புகை அறைதான் பலருக்கும் கடினம். முதுகில் மூச்சுக் கருவி, அதை பி.ஏ. செட் என்பார்கள். ஆறு லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் காற்று அடைத்திருக்கும், அதாவது 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்குப் போட்டால் 45 நிமிடம் வரும். ஆனால் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது அதில் பாதிகூட வராமல் போகலாம். பயந்து மூச்சு வாங்கினால் இன்னும் சீக்கிரம் தீரும். காற்று குறைந்ததும் விசில் அடிக்கும். விசிலைக் கேட்டபின் கிளம்பினால் தாமதம், அதற்கு முன்பே திரும்பத் தொடங்கு என்பதுதான் பாடம். இருட்டில் சுவரைத் தொட்டுக்கொண்டே நகர வேண்டும், அதுவும் புறங்கையால். உள்ளங்கை மின்கம்பியில் பட்டால் விரல்கள் மடங்கி அதையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை பட்டால் கை விலகும். கட்டடத் தீயில் இறப்பவர்களில் பெரும்பாலானோரைக் கொல்வது புகைதான், அதனால்தான் இந்தப் பயிற்சிக்கு இவ்வளவு அழுத்தம்.

கேரளத்துத் தேர்வில் நீச்சல் உண்டு என்று சொன்னேன். 50 மீட்டரை இரண்டேகால் நிமிடத்துக்குள் நீந்தி, ஆழமான பக்கத்தில் இரண்டு நிமிடம் மிதந்து காட்ட வேண்டும் என்பது அறிவிப்புகளில் வரும் அளவு. மற்ற உடல்திறன் போட்டிகள் எட்டு, அதில் ஐந்தில் தேற வேண்டும். உனக்கான அறிவிப்பு வரும்போது அளவுகளை அதிலேயே பார்த்துக்கொள், பிரிவுக்குப் பிரிவு மாறும். ஓட்டத்தையும் தாண்டுதலையும் எஸ்டேட் மைதானத்தில் பழகிவிடலாம். மலைப் பிள்ளைகள் தோற்பது நீச்சலில். குளிர்ந்த தண்ணீர், ஓடும் ஆறு, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்த நாங்கள் தோட்டத்துக் கிணற்றில், இடுப்பில் பிளாஸ்டிக் கேன் கட்டி, மேலே சித்தப்பா கயிற்றைப் பிடித்திருக்கப் பழகினோம். கீழே கூடலூர், கம்பம் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இரண்டு மாதம் தங்கிப் பழகு. தனியாகப் பெரியாற்றில் இறங்காதே. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடிப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை உன் வீட்டில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் வேலை தெரிந்த ஆட்கள் நம் மலைக்கு வேண்டும் என்பதற்கு அதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை.

தமிழில் எழுத முடியுமா என்ற கவலை உன் கடிதத்தில் நேரடியாக இல்லை, ஆனால் இருக்கும் என்று நினைக்கிறேன். மொழிச் சிறுபான்மையினருக்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தரத் தேர்வுகளில் தமிழிலும் வினாத்தாள் தருகிறார்கள். விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட மறந்துவிடாதே. இருந்தாலும் மலையாளம் எழுதப் படிக்க இப்போதே கற்றுக்கொள். வேலைக்குச் சேர்ந்தபின் மலையாளத் தேர்வு ஒன்று எழுத வேண்டியிருக்கும் என்பது ஒரு காரணம். எரியும் வீட்டுக்குள் உள்ளே எத்தனை பேர் என்று கேட்டு, பதிலைச் சட்டென்று புரிந்துகொள்ள வேண்டும் என்பது பெரிய காரணம்.

இப்போது பொம்பளைப் பிள்ளை என்ற பேச்சு. இதில் எல்லைக்கு இரண்டு பக்கமும் நிலைமை வேறு, நீ இருப்பது நல்ல பக்கம். தமிழ்நாட்டில் தீயணைப்பாளர் பதவிக்கு நான் பார்த்த அறிவிப்புகளில் எல்லாம் ஆண்களுக்குத்தான் இடம். கேரளம் பெண்களுக்கென்றே பணியிடங்களை உருவாக்கி, அதன் முதல் பெண்கள் அணி 2023இல் பயிற்சியில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலும் மேல் பதவிகளில் பெண்கள் இருக்கிறார்கள். குரூப் 1 தேர்வு வழியாக வந்த பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் 2003இல் கோட்ட அலுவலர்களாகச் சேர்ந்தார்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்தில் கலசமகால் என்ற பழைய கட்டடம் எரிந்தபோது பிரியா உள்ளே போய்த் தீக்காயம் பட்டார். உடன் போன தீயணைப்பு வீரர் ஒருவர் அங்கேயே இறந்தார். இதை உன் அம்மாவிடம் மறைக்காமல் சொல். ஆபத்து இருக்கிறது, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறது. பயிற்சி இருக்கும் இடத்தில் அது குறைகிறது.

ஆம்புலன்ஸ் பக்கம் உனக்கு ஆசை இருந்தால் வழி கொஞ்சம் நீளம். தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய 108 சேவையில் மருத்துவ உதவியாளர் ஆக நர்சிங், டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக டிப்ளமோ), அல்லது விலங்கியல், தாவரவியல் போன்ற பி.எஸ்சி. படித்திருந்தால் போதும், எடுத்த பிறகு ஐம்பது நாள் அளவில் பயிற்சி கொடுக்கிறார்கள். கேரளத்தில் 2019இல் வந்த கனிவ் 108 ஆம்புலன்ஸ் சேவையில் நர்சிங் படித்தவர்களை எடுக்கிறார்கள். ஆகவே உனக்கு ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) அல்லது பி.எஸ்சி. நர்சிங்தான் நேர் வழி. பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்ற படிப்பு தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறது, நல்ல படிப்பு. ஆனால் அரசு இடத்துக்குத் தமிழ்நாட்டு இருப்பிடச் சான்று வேண்டும், உன்னிடம் அது இருக்காது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ஒப்பந்தச் சம்பளம் என்பதையும் தெரிந்துகொண்டு வா. வேலை என்று பார்த்தால் மனதுக்கு நிறைவானது. மலைப்பாதையில் ஓடும் வண்டிக்குள் பிரசவம் பார்ப்பார்கள். கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டே மருந்து கொடுப்பார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியை ஒப்படைக்கும்போது நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள்.

என் கருத்தைக் கேட்டால், உன் வயதுக்கும் வீட்டு நிலைமைக்கும் தீயணைப்புத் தேர்வுக்குத் தயாராவதை முதலில் வை. அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் நர்சிங்குக்கும் விண்ணப்பித்து வை. இரண்டில் ஒன்று கிடைக்கும்போது முடிவெடு.

காத்திருக்கும் காலத்தில் செய்ய ஒன்று இருக்கிறது. கேரளத் தீயணைப்புத் துறையின் கீழ் சிவில் டிஃபென்ஸ் தொண்டர் படை இருக்கிறது. ஒரு நிலையத்துக்கு 50 பேர் என்ற கணக்கில் ஊர்க்காரர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். பீர்மேடு நிலையத்துக்கு நேரில் போய், இடம் இருக்கிறதா, அடுத்த பயிற்சி எப்போது என்று கேள். முதலுதவி அங்கே கற்றுக்கொள்ளலாம். நெஞ்சை அழுத்தும் முறையை, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், பொம்மையின் மேல் கை வலிக்கும் வரை செய்து பழகு. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எப்படி என்று கேள். தோட்டத்தில் உனக்கு உடனே பயன்படும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி காரணம். 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே மண் சரிந்து லயங்கள் புதைந்தன, எழுபது பேர் போனார்கள், அநேகமாக எல்லோரும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரம் இல்லை, போன் வேலை செய்யவில்லை, செய்தி வெளியே போனதே மறுநாள் காலையில். பாலம் சேதமானதால் மீட்பு வண்டிகளும் தாமதமாயின. அந்த இரவு முழுவதும் அங்கே இருந்தவர்கள் லயத்து ஆட்கள் மட்டும்தான். உன் லயத்தில் முதலுதவியும் கயிறும் தெரிந்த நாலு பேர் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், நீ அரசு வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும்.

அம்மாவையும் பீர்மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. வண்டியையும் கருவிகளையும் அங்கே வேலை செய்பவர்களையும் அவர் நேரில் பார்க்கட்டும், கேட்க வேண்டியதை அவரே கேட்கட்டும். சொந்தக்காரர்களுக்கு அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பயிற்சி நிறுவனத்துக்கு முன்பணம் கொடுத்தாயா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீதின் படத்தையும் அவர்கள் தந்த நோட்டீஸின் படத்தையும் எனக்கு அனுப்பு. வேலை நிச்சயம் என்று அதில் அச்சடித்திருந்தால் பத்திரமாக வைத்துக்கொள். பணத்தைத் திரும்பக் கேட்கும் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், அதற்கும் அசையாவிட்டால் இடுக்கி நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதுவோம்.

அன்புடன்,
அக்கா