“ஒண்ணும் இல்லாதப்ப எதுக்குப் போய்த் தேடணும்?” என்கிற கணவருக்கு எந்த டெஸ்ட் தேவை?

கேள்வி: என் கணவருக்கு 57 வயது. கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தார் என்று அவருக்கே நினைவில்லை. “உடம்புல ஒண்ணும் இல்லாதப்ப எதுக்குப் போய்த் தேடணும்?” என்கிறார். சிகரெட் பழக்கம் இருந்தது, விட்டு ஏழெட்டு வருடம் ஆகிறது. போன வருடம் அவருடைய அண்ணனுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று சொன்னார்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. ஒரு லேப் ஏஜென்ட் விடாமல் போன் செய்கிறார். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து 94 டெஸ்ட் செய்வார்களாம், புற்றுநோய் இருந்தாலும் அதிலேயே தெரிந்துவிடுமாம். “சுகருக்கு மட்டும்தான்” என்று பொய் சொல்லியாவது எடுத்துவிடலாமா?

பதில்: பொய் சொல்லி எடுக்க வேண்டாம். அந்த 94 டெஸ்ட்டும் வேண்டாம். உங்கள் கணவருக்குத் தேவையானவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவற்றில் முதலாவதுக்கு ஊசியே கிடையாது.

அந்த 94 எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். ரத்த அணுக்களை எண்ணும் ஒரே பரிசோதனையின் ரிப்போர்ட்டில் இருபதுக்கும் மேல் வரிகள் இருக்கும். ஒரே மெஷினில் ஒரே தடவை ஓட்டியதுதான். ஆனால் விளம்பரத்தில் ஒவ்வொரு வரியும் ஒரு டெஸ்ட். கொலஸ்ட்ராலில் மூன்றை அளந்துவிட்டு, ஒன்றை இன்னொன்றால் வகுத்து வரும் விகிதங்களையும் தனித்தனி டெஸ்ட்டாகக் கணக்குக் காட்டுவார்கள். மூன்று மாத சுகர் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1சி எடுத்தால், அதே எண்ணை வைத்துக் கணக்குப் போட்ட ‘சராசரி குளுக்கோஸ்’ இன்னொரு டெஸ்ட் ஆகிவிடும். இப்படித்தான் பத்து, தொண்ணூறாக வீங்குகிறது.

காசு போனாலும் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று போட்டிருக்கும் எல்லைகளில் பெரும்பாலானவை, ஆரோக்கியமாக இருப்பவர்களை அளந்து, அவர்களில் நடுவில் இருக்கும் 95 சதவீதத்தினரை உள்ளே வைத்து வரைந்த கோடு. மீதி 5 சதவீதத்தினரும் ஆரோக்கியமானவர்கள்தான், ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், எந்த நோயும் இல்லாத ஒருவருக்குக்கூட ஏதாவது ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்தத் தடித்த எழுத்தில்தான் அடுத்த வியாபாரம் தொடங்கும். ஒரு ஸ்கேன், ஒரு ஸ்பெஷலிஸ்ட், ஆறு மாதத்துக்குச் சத்து மாத்திரை என்று நீளும். அனுப்பிவைத்தவருக்குக் கமிஷனும் போய்ச் சேரும். இதைத் தடுக்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம். உங்கள் கணவர் போன்றவர்களை எப்படியோ ஒரு தடவை அழைத்து வந்துவிட்டு, ஒன்றுமில்லாத ஒன்றுக்காக மூன்று வாரம் அலைக்கழித்தால், அதன் பிறகு அந்த மனிதர் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். உண்மையாகவே நெஞ்சு வலி வரும் அன்றும், “வாயுப் பிடிப்பு, சரியாயிடும்” என்று படுத்துக்கொள்வார்.

புற்றுநோயும் தெரிந்துவிடும் என்று ஏஜென்ட் சொல்வது சி.இ.ஏ., சி.ஏ. 19-9 போன்ற ரத்தப் பரிசோதனைகளை. இவை ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவருக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்க்க உதவுபவை. அறிகுறி இல்லாதவரிடம் நோயைத் தேட இவை உதவாது. நார்மல் என்று வந்தால் புற்றுநோய் இல்லை என்றும் அர்த்தமில்லை. முழு உடல் சி.டி. ஸ்கேனும் இதே ரகம்தான், கூடவே கதிர்வீச்சும் உண்டு.

பொத்தாம்பொதுவாக எல்லாவற்றையும் பார்க்கும் மாஸ்டர் செக்கப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளை, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு, மருத்துவ ஆய்வுகளை அலசி மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேசக் குழுவினர் 2019-இல் தொகுத்துப் பார்த்தார்கள். அப்படிச் செக்கப் செய்துகொண்டவர்களும் செய்யாதவர்களும் இறந்த விகிதத்தில் வித்தியாசமே இல்லை. இது காதில் விழுந்தால் உங்கள் கணவர், “நான் சொன்னேன்ல?” என்பார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடுவதால் பிரயோஜனம் இல்லை. தெரிந்து தேடினால் பலன் உண்டு என்று உறுதியாகக் காட்டப்பட்ட சில பரிசோதனைகள் இருக்கின்றன. அவரிடம் அவற்றை மட்டும் பேசுங்கள்.

முதலாவது பிரஷர். உலகில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தலைவலி, மயக்கம் எதுவும் வராமலே அது ரத்தக் குழாயைப் பல வருடம் கெடுக்கும். ஆனால் இதை ஒழுங்காக அளக்கும் இடம் அபூர்வமாகிவிட்டது. படியேறி வந்தவரை உட்காரக்கூட விடாமல், சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்து ஒரு எண்ணை எழுதித் தந்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிந்து, கை நெஞ்சு மட்டத்தில் ஒரு மேஜைமேல் இருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. அரை மணி நேரத்துக்குள் காபி, சிகரெட் கூடாது. பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். கிளினிக்கில் 140/90, வீட்டில் 135/85 இருந்தால் கவனிக்க வேண்டிய அளவு. புஜத்தில் கட்டும் மெஷினாக ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கும் ஆண்கள்கூட வீட்டில் தங்கள் கையாலேயே அளந்து பார்க்கச் சலித்துக்கொள்வதில்லை.

இரண்டாவது சுகர். வெறும் வயிற்றில் 126, அல்லது ஹெச்.பி.ஏ.1சி 6.5 என்று வந்தால் இன்னொரு முறை எடுத்து உறுதி செய்வார்கள். 5.7 முதல் 6.4 வரை என்றால் எச்சரிக்கைக் கட்டம், நடையாலும் சாப்பாட்டாலும் பலர் திரும்பி வந்துவிடலாம். அதே ரத்தத்தில் கொலஸ்ட்ராலையும் பார்த்துவிடலாம்.

மூன்றாவதை யாரும் விற்க வருவதில்லை. அதனாலேயே யாருக்கும் தெரிவதில்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கசிகிறதா என்று பார்க்கும் மோஷன் டெஸ்ட் அது. பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க 45 அல்லது 50 வயதிலிருந்து 75 வரை பல நாடுகளில் இதைப் பரிந்துரைக்கிறார்கள். அவர்கள் தரும் சின்னக் குச்சியால் வீட்டிலேயே எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுத்துவிடலாம். ரத்தம் இருக்கிறது என்று வந்தால் அடுத்து, கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலை உள்ளே பார்க்கும் கொலனோஸ்கோபிதான். அந்த இடத்தில் பயந்துகொண்டு, இல்லை என்று வரும்வரை அதே டெஸ்ட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. கண்ணுக்குத் தெரிகிற ரத்தமே போகிறது என்றால் மோஷன் டெஸ்ட்டுக்காகக் காத்திருக்காமல் நேராக டாக்டரிடம் வர வேண்டும். “மூலமாத்தான் இருக்கும்” என்று தானே முடிவு செய்துகொண்டு ஒரு வருடத்தைத் தொலைத்த ஆண்கள் அநேகம்.

நான்காவது வாய். புகையிலை பழகியவர் என்பதால் டாக்டர் ஒரு டார்ச் அடித்து நாக்கின் அடிப்பாகம், கன்னத்தின் உட்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. திருவனந்தபுரத்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, முடிவுகள் 2005-இல் வந்தன. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே இந்த எளிய பார்வைச் சோதனையே வாய்ப் புற்றுநோய்ச் சாவுகளை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. இவ்வளவு மலிவான சோதனையை ஏன் எல்லா இடத்திலும் செய்வதில்லை என்று கேட்டால், பதில் சொல்ல ஆளில்லை.

தினம் ஒரு பாக்கெட் வீதம் இருபது வருடம் பிடித்திருந்தால், குறைந்த கதிர்வீச்சு சி.டி. மூலம் நுரையீரலைப் பார்ப்பது பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். 65 வயது தாண்டியதும் வயிற்றின் பெரிய ரத்தக் குழாய் வீங்கியிருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை அல்ட்ராசவுண்ட் எடுத்தால் போதும்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் புராஸ்டேட். புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை எல்லா ஆண்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2012-இல் இது வேண்டாம் என்றே சொன்னது. 2018-இல் மாற்றிக்கொண்டு, 55 முதல் 69 வயது வரை டாக்டரிடம் பேசி அவரவர் முடிவு செய்யலாம், 70-க்கு மேல் வேண்டாம் என்றது. அவர்கள் கணக்குப்படி ஆயிரம் ஆண்கள் பல வருடம் இந்த டெஸ்ட் எடுத்து வந்தால், சுமார் 240 பேருக்குச் சந்தேகம் என்று வரும், 100 பேருக்குப் புற்றுநோய் உறுதியாகும், சாவிலிருந்து தப்புவது ஒருவர் அல்லது இருவர். உறுதியானவர்களில் ஒரு பகுதியினருக்கு அது சாகும்வரை எந்தத் தொந்தரவும் தராமலே இருந்திருக்கும். ஆனால் ஆபரேஷனோ கதிர்வீச்சோ செய்துகொண்டு, சிறுநீர் கசிவோடும் தாம்பத்தியக் குறைவோடும் மீதி நாளைக் கழிப்பவர்கள் உண்டு.

உங்கள் கணவர் விஷயம் வேறு. கூடப் பிறந்த அண்ணனுக்கு வந்திருப்பதால் அவருக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அண்ணனுக்கு எத்தனை வயதில் வந்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா, அம்மா, அக்கா தங்கைக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வந்ததா என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அறுபதுக்கு முன்பே வந்திருந்தால் இன்னும் முக்கியம். இவருக்கு பி.எஸ்.ஏ. எடுப்பது நியாயம் என்றுதான் நான் சொல்வேன், அவர் சம்மதித்த பிறகு. அவரிடம் சொல்லாமல் எடுத்து 6.2 என்று அதிகமாக வந்துவிட்டால், அப்போது யார் அவரிடம் பேசுவது? பொய் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம்.

எடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் தாம்பத்திய உறவும் நீண்ட சைக்கிள் சவாரியும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் ஆறு வாரம் தள்ளிப் போடுங்கள். முடி கொட்டுவதற்கு அல்லது புராஸ்டேட் வீக்கத்துக்கு பினாஸ்டிரைடு, டூடாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அது பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாக்கிவிடும், பார்க்கிற டாக்டர் ஏமாந்துவிடுவார். கொஞ்சம் அதிகமாக வந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், அப்போதும் அதிகம் என்றால் எம்.ஆர்.ஐ., அதன் பிறகே சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. முதல் ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே “இந்த வாரமே பயாப்ஸிக்கு வாங்க” என்று அவசரப்படுத்தினால் வேறு டாக்டரிடம் போங்கள். வீரியம் குறைந்த வகை என்று தெரிந்தால் ஆபரேஷன் செய்யாமல் கண்காணித்தே வரலாம். இன்னொன்றும் அவர் காதில் போடுங்கள். இந்த முதல் கட்டத்துக்கு ரத்தம் மட்டும் போதும், ஆசனவாய் வழியாக விரலால் பார்ப்பது அவசியமில்லை. பல ஆண்கள் வெளியில் சொல்லாமல் பயந்து ஒதுங்குவது இதற்காகத்தான்.

அவரை எப்படி வரவைப்பது? பெண்களுக்குக் கர்ப்பம், பிரசவம், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி என்று டாக்டரிடம் போய்ப் பழகும் வழி எப்படியோ அமைந்துவிடுகிறது. ஆணுக்குச் சிறுவயதுத் தடுப்பூசிக்குப் பிறகு அடுத்த சந்திப்பு பெரும்பாலும் மாரடைப்பில்தான். நடுவில் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச எந்த ஏற்பாடும் இல்லை. இருக்கிற கிளினிக்குகளும் வேலை நேரத்தில் திறந்து வேலை நேரத்திலேயே மூடுகின்றன. ஒரு நாள் லீவு போட்டு மூன்று மணி நேரம் காத்திருந்தால், மூன்று நிமிடம் பார்ப்பார்கள். “ஒண்ணும் இல்ல” என்று அவர் சொல்வதில் பயமும் இருக்கிறது. ரிப்போர்ட் வந்த மறுநிமிடமே வீட்டில் எல்லோரும் சேர்ந்து தன்னை நோயாளியாக்கி, தட்டில் விழுவதையெல்லாம் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயம். ஆகவே ‘செக்கப்’ என்ற பேச்சையே எடுக்காமல், “பிரஷர் மட்டும் பாத்துட்டு வந்துடலாம்” என்று உண்மையாகவே அதை மட்டும் சொல்லி, நாளும் நேரமும் குறித்து அழைத்துப் போங்கள். மீதியை டாக்டர் அவரிடம் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே இருங்கள்.

தனியாக விடச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தரங்க உறவில் விறைப்புக் குறைந்திருந்தால் மனைவி பக்கத்தில் இருக்கும்போது சொல்ல மாட்டார். ஆணுறுப்பின் ரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான், இதயத்தின் குழாய் 3 முதல் 4. அடைப்பு தொடங்கினால் சிறிய குழாயில்தான் முதலில் தெரியும், மாரடைப்புக்குச் சில வருடங்களுக்கு முன்பே. செக்கப்புக்கு மசியாத ஆண்கள் இந்தக் குறைக்காக வருவார்கள். நல்ல டாக்டர் அந்தச் சாக்கில் பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துவிடுவார். டாக்டரிடம் போகாமல் தானே விறைப்புக்கான மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் அந்த எச்சரிக்கையும் வீணாகிறது. அந்த மாத்திரை, நெஞ்சு வலிக்கான நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் பிரஷர் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

எல்லாம் சரியாக இருந்தால், பிரஷர் வருடம் ஒருமுறை, சுகர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கொலஸ்ட்ரால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, மோஷன் டெஸ்ட் வருடம் ஒருமுறை அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பி.எஸ்.ஏ. அடுத்து எப்போது என்பது முதல் எண்ணைப் பொறுத்தது. ரிப்போர்ட்டுகளை ஒரே கவரில் போட்டு வையுங்கள். அடுத்த முறை டாக்டருக்குப் புது எண்ணைவிடப் பழைய எண்தான் அதிகம் தேவைப்படும்.