வாசகர் கேள்வி – பதில்: பிங்லி கால்வாயின் ஓக் கதவுகள்

மகளைப் பார்க்க இங்கிலாந்தின் லீட்ஸ் போயிருந்தபோது பிங்லி ‘ஃபைவ் ரைஸ்’ லாக்குகளை (கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள்) பார்த்தேன். தொட்டி தொட்டியாகத் தண்ணீர் நிரப்பி, படகைப் படியேற்றுவதுபோல மேலே கொண்டுபோனார்கள். ஆனால் கதவிடுக்குகளில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. இவ்வளவு பேர்பெற்ற இடத்தை இப்படியா வைத்திருப்பார்கள்?
*– வாசகி, பாளையங்கோட்டை*

நீங்கள் பார்த்த கசிவை வைத்து பராமரிப்பே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். லீட்ஸ் – லிவர்பூல் கால்வாயில் உள்ள அந்த ஐந்து தொட்டிகளும் 1774-ல் திறக்கப்பட்டவை. மொத்த ஏற்றம் 59 அடி 2 அங்குலம், அதாவது சுமார் 18 மீட்டர். ஒரு தொட்டிக்கும் அடுத்ததற்கும் மட்ட வித்தியாசம் ஏறத்தாழ 3.6 மீட்டர். அந்த ஆழத்தில் கதவின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 3.6 டன் எடை அழுத்துகிறது. இரட்டைக் கதவுகள் அம்புமுனைபோல மேல்நீரைப் பார்த்து ஒன்றோடொன்று சாய்ந்து நிற்பதால், அழுத்தம் கூடக்கூட இறுக்கமும் கூடும். அங்கே தாழ்ப்பாள் என்று எதுவுமில்லை, தண்ணீரே தாழ்ப்பாள். இரண்டு பக்க மட்டமும் சமமாகும்வரை கதவைத் தள்ளித் திறக்க முடியாததும் இதனால்தான். 10 செ.மீ. வித்தியாசம் மிச்சமிருந்தால்கூடச் சதுர மீட்டருக்கு 100 கிலோ எதிர்த்து நிற்கும்.

கல்லோடு மரம் உரசி அடைக்கிற இடத்தில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். பார்க்க வேண்டியது தண்ணீரின் நிறத்தை. கதவுகள் சந்திக்கும் நடுக்கோட்டில் தெளிந்த நீர் பீய்ச்சினால் மரம் தேய்ந்திருக்கிறது, அடுத்த பராமரிப்பு வரை தாங்கும். கதவின் அடியிலிருந்து வந்தால், கதவின் கீழ்விளிம்பு வந்து முட்டும் அடிக்கட்டையில் கல்லோ மரத்துண்டோ சிக்கியிருக்கலாம். நீண்ட கைப்பிடி வாரியால் இழுத்து எடுப்பார்கள். சுவரின் கல்லிடுக்கிலிருந்து கலங்கல் நீர் வந்தால்தான் பயப்பட வேண்டும். சுவருக்குப் பின்னாலுள்ள மண் கரைந்து வெளியேறுகிறது என்று அர்த்தம். வெளியே எதுவும் தெரியாது, உள்ளே குகை விழுந்துகொண்டிருக்கும்.

கதவை எப்படி மாற்றுகிறார்கள்? எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை?
*– வாசகர், கோவை*

ஓக் கதவின் ஆயுள் பொதுவாக 20 முதல் 25 ஆண்டு. எப்போதும் நீருக்குள் இருக்கும் பாகம் நீண்ட நாள் உழைக்கும். நனைந்தும் காய்ந்தும் கிடக்கிற நீர்மட்டக் கோட்டில்தான் முதலில் உளுக்கும்.

படகுப் போக்குவரத்து குறைந்த நவம்பர் முதல் மார்ச் வரை வேலை நடக்கும். லாக்குக்கு மேலும் கீழும் சுவரில் செதுக்கிய காடிகளில் தடுப்புப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார்கள். பலகை இடுக்கை அடைக்க மேல்பக்கத்து நீரில் சாம்பலைக் கொட்டுவது பழைய வழக்கம். கசிவு சாம்பலை இழுத்துக்கொண்டுபோய்த் தன்னையே அடைத்துக்கொள்ளும். பிறகு மீன்களைப் பிடித்து வேறிடத்தில் விட்டுவிட்டு, பம்பு வைத்து இறைப்பார்கள். இங்கே அவசரம் ஆகாது. தொட்டி சட்டென்று காலியானால் சுவருக்குப் பின்னால் ஊறியிருக்கும் நீருக்கு எதிர் அழுத்தம் போய்விடும், சுவர் உள்ளே பிதுங்கும். இருநூறு ஆண்டு தாங்கிய சுவர்கூட ஒரே நாளில் கெட்டுவிடலாம்.

கிரேனில் பழைய கதவைத் தூக்கிய பிறகுதான் நுணுக்கமான வேலை. நம் பழைய வீட்டுக் கதவுகளைப் போலவே இதற்கும் கீழே குடுமி உண்டு. தரையில் பதித்த இரும்புக் குழியில் அது சுழலும். மேலே கழுத்தை ஓர் இரும்புப் பட்டை சுவரோடு பிடித்திருக்கும். கதவின் சுவரோரக் கம்பத்தை அரைவட்டமாக இழைத்து, கல்லில் குடைந்த பள்ளத்தில் பொருத்துவார்கள். சுழலும் மையத்தைக் கொஞ்சம் விலக்கி வைப்பார்கள். கதவு திறந்ததும் கம்பம் கல்லைவிட்டு விலகி, மூடும்போது மட்டும் போய் ஒட்டும். மையம் சரியாக விழாவிட்டால் ஒவ்வொரு திறப்பிலும் மரம் கல்லோடு அரைபட்டு, சீக்கிரமே கசியத் தொடங்கும். மேல்பட்டை தளர்ந்தால் கதவின் மூக்கு, அதாவது நடுவில் மற்றக் கதவோடு சேரும் முனை, தொங்கி அடிக்கட்டையை உரசும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ‘கதவு கனக்கிறது’ என்று மட்டும்தான் தோன்றும்.

கல்லின் பழைய தேய்மானம் எந்த இரண்டு இடத்திலும் ஒன்றுபோல் இராது. ஆகவே பட்டறையில் சற்றே பெரிதாகச் செய்து, அந்தந்த இடத்துக்குத் தக்கபடி கையால் இழைத்துப் பொருத்துவார்கள். வடக்கு இங்கிலாந்துக்கான கதவுகளுக்கு வேக்ஃபீல்டு அருகே ஸ்டான்லி ஃபெரியில் பட்டறை இருக்கிறது. உலர்த்தாத பச்சை ஓக்கைத்தான் எடுக்கிறார்கள், நீரில் கிடக்கப்போகும் மரத்தை எதற்கு உலர்த்த வேண்டும்! உலர்ந்த மரமானால் நனைந்தபின் உப்பிப் பொருத்தமே மாறிப்போகும்.

ஸ்டீல் கதவும் சிமென்ட் பூச்சும் போட்டால் தொல்லை தீராதா?
*– வாசகர், சிவகாசி*

வேறு பல லாக்குகளில் ஸ்டீல் இருக்கிறது. பிங்லி உச்சநிலைப் பாதுகாப்புப் பட்டியலிலுள்ள சின்னம். அது ஒருபுறம் இருக்கட்டும், படகு இடித்தால் மரம் வாங்கிக்கொள்ளும், கல்லோடு ஒத்தும் போகும்.

சிமென்ட் விஷயத்தில் தயவே காட்டக் கூடாது. பழைய கல்சுவருக்கு அது மிகக் கெட்டி. உள்ளே ஊறும் ஈரம் மூட்டு வழியாக வெளியேற முடியாமல் கல்லுக்குள் தங்கும், பனிக்காலத்தில் உறைந்து கல்லின் முகத்தைப் பெயர்த்துவிடும். நீரிலேயே இறுகும் சுண்ணாம்புக் காரைதான் சரி. ஆனால் 5 டிகிரிக்குக் கீழே அது இறுகாது, உறைந்தால் உதிர்ந்துவிடும். குளிர்கால வேலையில் சாக்கைப் போர்த்தி, கூடாரம் கட்டி, உள்ளே சூடும் வைப்பது காரைக்காகத்தான்.

நம் பக்கிங்காம் கால்வாயில் இப்படி லாக்குகள் இருந்தனவா?
*– வாசகர், திருவொற்றியூர்*

இருந்தன. ஆனால் அந்தக் கால்வாயின் பிரச்சினை மேட்டில் ஏறுவதல்ல. கடல் ஓதத்தையும் குறுக்கே வரும் ஆறுகளையும் சமாளிப்பது. ஒரு ஜோடிக் கதவு ஒரு பக்கத்து அழுத்தத்தைத்தான் தாங்கும். மறுபக்கம் மட்டம் உயர்ந்தால் தானே திறந்துகொள்ளும். ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் எதிர்ப்பக்கம் பார்த்தபடி இன்னொரு ஜோடி வேண்டும். உப்புநீரில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு வேறு உண்டு. பிங்லியின் நன்னீரில் அந்தத் தொல்லை கிடையாது.